ஒன்பது புள்ளி எட்டு

கோவில்பட்டிக்கு மேற்கே, ஒரு காலத்தில் தீப்பெட்டி ஆபீஸாக இருந்த நீளக் கட்டடத்தில் உட்கார்ந்துகொண்டு செண்பகவல்லி ஒன்பது வருடமாக வானத்தை நடத்திக்கொண்டிருந்தாள். அவள் அப்படித்தான் நினைத்திருந்தாள். கம்பெனிக்குப் பெயர் விண்தடம் கைக்கணக்ககம். ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. கணக்கு மில் என்றால்தான் ஆட்டோக்காரருக்குத் தெரியும்.

மில் வந்த கதை கொஞ்சம் வெட்கக்கேடான கதை. பதினான்கு வருடங்களுக்கு முன் ஒரு கணினி தப்பாகக் கணக்குப் போட்டு, பூமியைச் சுற்றிக்கொண்டிருந்த பயணிகள் கலம் ஒன்றைக் காற்று மண்டலத்துக்குள் இறக்கி எரித்துவிட்டது. நாற்பத்தொரு பேர். யாரைப் பிடித்து உள்ளே போடுவது என்று உலகத்துக்கே தெரியவில்லை. கணினியைச் செய்தவர், வாங்கியவர், ஓட்டியவர் எல்லோரும் அடுத்தவரைக் கைகாட்டினார்கள். கடைசியில் நாடுகளெல்லாம் கூடி ஒரு சட்டம் போட்டன. பூமியைச் சுற்றும் எந்தக் கலமும் பாதை மாற வேண்டுமென்றால், அந்தக் கணக்கை ஒரு மனிதர் பேனா பிடித்துத் தாளில் போட்டுக் கையெழுத்திட வேண்டும். நீதிபதிக்கும் புரிய வேண்டும் என்பதற்காகக் கணக்கு பிளஸ் டூ இயற்பியல் அளவைத் தாண்டக் கூடாது. கணினிக்குச் சரியான விடை தெரிந்திருக்கலாம், ஆனால் மனிதர் போட்ட விடையைத் திருத்த அதற்கு உரிமை கிடையாது. வேகத்தில் நொடிக்கு இருபது மீட்டர் வரை முன்னே பின்னே இருந்தால் கலம் தானே சமாளித்துக்கொள்ளலாம். அதற்கு மேல் தொடக் கூடாது. இயற்பியல் படித்துவிட்டுச் சும்மா இருப்பவர்கள் எங்கே அதிகம் என்று தேடிப் பார்த்த கம்பெனிக்காரர்கள் நேராக இங்கே வந்து இறங்கினார்கள்.

ஒரு கணக்குக்கு இரண்டு பேர். கிழக்குக் கூடத்தில் ஒருவர், மேற்குக் கூடத்தில் ஒருவர். ஒருவர் தாளை மற்றவர் பார்க்கக் கூடாது. இரண்டு விடையும் ஒத்துப்போனால் தாள் மேலே போகும். மேலே போகும் என்பது மில்லில் எல்லோரும் சொல்லும் சொல். மத்தியானம் சாப்பாட்டுக் கேரியரைத் திறந்தபடி, இன்றைக்கு எத்தனை மேலே போயிற்று என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள்.

கிழக்கில் செண்பகவல்லிக்கு மேற்கில் ஜோடி ராஜகனி. கல்லூரியில் மூன்று வருடம் ஒரே பெஞ்சு. ஒரே நாளில் மில்லில் சேர்ந்தார்கள். ஒன்பது வருடத்தில் இருவர் விடையும் ஒரு தடவைகூட மாறியதில்லை. மற்ற ஜோடிகளுக்கு வாரத்துக்கு ஒரு தாளாவது இடித்துக்கொண்டு திரும்பி வரும். இவர்களுக்கு வராது. செண்பகவல்லிக்கு இதில் இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. தன் கல்யாண நாள்கூட மறந்துபோகும், இது மறக்காது. ஊருக்கு வந்திருந்த தன் நாத்தனாரிடம் வானத்தில் நகர்ந்த ஒரு வெளிச்சப் புள்ளியைக் காட்டி, அது நான் திருப்பிவிட்டது என்று ஒரு தடவை சொல்லியிருக்கிறாள். திருப்பூரில் வேலை பார்க்கும் கணவன் மாதத்துக்கு ஒருமுறை வரும்போதெல்லாம் இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டுக் களைத்துப்போயிருந்தான். பிளஸ் டூ படிக்கும் மகள் தென்றலுக்கு மட்டும் அம்மாவின் வேலை பற்றிப் பள்ளியில் சொல்லிக்கொள்ளப் பிடிக்கும்.

மில்லில் செண்பகவல்லிக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு: ஒன்பது புள்ளி எட்டு. கையிலிருந்து நழுவிய கல் நொடிக்கு நொடி எவ்வளவு வேகம் கூடி விழுகிறது என்பதற்கு ஒரு எண் இருக்கிறதே, பாடப் புத்தகத்தில் 'ஜி' என்று போடுவார்கள், அந்த எண் அது. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் எல்லாம் அதைப் பத்து என்று எடுத்துக்கொள்வார்கள். கேள்வித்தாளிலேயே 'ஜி = 10 எனக் கொள்க' என்று அச்சடித்திருக்கும். பெருக்க லேசு, வகுக்க லேசு. செண்பகவல்லிக்கு அதைக் கண்டாலே எரிச்சல் வரும். மில்லுக்கு வருவதற்கு முன் பள்ளிக்கூடத்தில் நான்கு வருடம் பாடம் எடுத்தபோது, பத்து என்று எழுதிய பிள்ளைகளுக்கு அரை மார்க் குறைத்துத் தலைமையாசிரியரிடம் திட்டு வாங்கியவள். பூமி தன் இழுப்பை நமக்காக ரவுண்டாக்கிக்கொள்ளாது என்பது அவள் கட்சி.

இன்னொரு சொல்லையும் சொல்லிவிட வேண்டும். கைமாத்து. அவசரத்துக்கு அக்கம்பக்கத்தில் வாங்கிக் கொடுப்பதைத்தானே ஊரில் கைமாத்து என்பார்கள். மில்லில் கைமாத்து என்றால் நிஜமாகவே கையைக் கடன் வாங்குவது. ஒருத்திக்கு உடம்பு சரியில்லை, பிள்ளைக்குக் காய்ச்சல், பாதி நாள் போயாக வேண்டும் என்றால், ஜோடியே அவள் தாளையும் அவள் கையெழுத்தில் எழுதிவிடுவாள். சட்டப்படி இது பெரிய குற்றம், மூன்று வருடம் உள்ளே தள்ளுவார்கள். ஆனாலும் மில்லில் கைமாத்து வாங்காத ஆள் கிடையாது. செண்பகவல்லி ஒன்பது வருடத்தில் பதினோரு தடவை வாங்கியிருக்கிறாள். ராஜகனி ஒரு தடவையும் முகம் சுளித்ததில்லை. உன் கையெழுத்தை எழுதுறது எனக்குத் தண்ணி பட்ட பாடு என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். இப்படி ஒரு சிநேகிதி யாருக்குக் கிடைப்பாள் என்று செண்பகவல்லி உருகிப்போவாள்.

பதினோராவது கைமாத்து ஒரு வியாழக்கிழமை. கடைவாய்ப் பல் வலி உயிரை எடுத்தது. காலை பத்து மணிக்கு ராஜகனியின் காதில் விஷயத்தைப் போட்டுவிட்டு, பல் பிடுங்கப் போனாள் செண்பகவல்லி.

வெள்ளிக்கிழமை காலை மில்லின் கதவு பூட்டியிருந்தது. வாசலில் போலீஸ் வண்டி நின்றது. பூமிக்கு மேலே எழுநூற்று எண்பது கிலோமீட்டரில் சுற்றிக்கொண்டிருந்த பட்டறை ஒன்றின் பின்னால் போய்ப் பக்குவமாக நிற்க வேண்டிய சரக்குக் கலம், நிற்காமல் போய் மோதியிருந்தது. பட்டறையில் பழுது பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் செத்துப்போனார்கள். வன்ஜிரு என்று ஒரு கென்யப் பெண். தியாகோ என்று ஒரு பிரேசில்காரர். கலத்தின் வேகத்துக்குக் கணக்குப் போட்டது கோவில்பட்டி. தாளில் இருந்த பெயர்கள் செண்பகவல்லி, ராஜகனி. மேலாளர் தனுஷ்கோடி அன்றைக்கே நெஞ்சுவலி என்று மதுரை ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்துக்கொண்டார்.

செண்பகவல்லிக்கு அந்தத் தாளின் நகலைக் கொடுத்தார்கள். வீங்கிய கன்னத்தோடு அதை வாங்கிப் பார்த்தாள். அவள் எழுத்துதான். ஏழுக்கு நடுவில் அவள் போடும் சின்னக் கோடு இருந்தது. சமக்குறிகளை ஒன்றின் கீழ் ஒன்றாக நூல் பிடித்ததுபோல் நிறுத்தும் பழக்கம் இருந்தது. இரண்டாவது வரியில் 'ஜி = 10' என்று இருந்தது.

அங்கேயே, நின்ற நிலையில், மனதுக்குள் கணக்கைப் போட்டுப் பார்த்தாள். ஒன்பது புள்ளி எட்டு என்றால் நொடிக்கு 7,458 மீட்டர். பத்து என்றால் 7,533. கலம் தானே சமாளிக்க அனுமதி இருபது மீட்டர்தான். மேலே இருந்த கணினி தப்பைப் பார்த்திருக்கும். பார்த்துவிட்டு, சட்டத்தை மதித்துச் சும்மா இருந்திருக்கும்.

மூன்று மணிக்கு ராஜகனி வீட்டுக்குப் போனாள். முன்னறையில் டியூஷன் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சுகள் காலியாகக் கிடந்தன. நுழைவுத் தேர்வுக்குச் சொல்லிக் கொடுப்பவள் ராஜகனி. அழிக்காமல் விட்டிருந்த கரும்பலகையில் ஒரு கணக்கு இருந்தது. அதில் ஜி பத்து. செண்பகவல்லி அதைப் பார்த்தாள், ராஜகனியும் அவள் பார்த்ததைப் பார்த்தாள்.

ராஜகனி உடைந்து அழுதாள். செண்பகவல்லியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். கை பழகின பழக்கத்தில் பத்தென்று போட்டுவிட்டதாகவும், இரண்டு தாளையும் ஒரே மூச்சில் எழுதியதால் இரண்டிலும் அதே தப்பு விழுந்துவிட்டதாகவும் சொன்னாள். அந்தக் கென்யப் பெண்ணுக்கு ஒரு குழந்தை இருக்கிறதாம் என்றாள். செண்பகவல்லி தன் முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"நீ பயப்படாதட்டி செம்பகம். திங்கக்கிழமை நானே போயி உள்ளதைச் சொல்லிருதேன். எல்லாம் நான்தான் எழுதினேன்னு சொல்லுதேன். அதுவரைக்கும் நீ கைமாத்தைப் பத்தி யாருகிட்டயும் வாயத் திறக்காத. திறந்தா உனக்கும் மூணு வருசம்."

"நீ மட்டும் போயி மாட்டிக்கிடுவியே."

"என் தப்புக்கு நான்தான போணும்."

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் செண்பகவல்லி அழுதுகொண்டே வந்தாள். தன்னைக் காப்பாற்றத் துணிந்தவளை எப்படிக் காப்பாற்றுவது என்பதுதான் அவள் கவலையாக இருந்தது. மூன்று வருடத்தைத் தானும் ஏற்றுக்கொண்டால் ராஜகனியின் தண்டனை கொஞ்சம் குறையுமா என்றுகூட யோசித்தாள். அவ்வளவு அப்பாவி.

திங்கட்கிழமை விசாரணை மில்லின் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. சென்னையிலிருந்து வந்திருந்த அதிகாரியின் பெயர் ஆயிஷா பர்வீன். ஐம்பது வயதிருக்கும். பிளஸ் டூவில் இயற்பியலில் தட்டுத்தடுமாறிப் பாஸ் பண்ணிவிட்டு, இனி இந்தப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை என்று சட்டம் படிக்கப் போனதாக அவரே சொன்னார். கணக்கை விளக்கச் சொன்னார்.

"சுத்துற கலம் மெதக்குதுன்னு நெனைப்பாங்க மேடம். அது விழுந்துக்கிட்டேதான் இருக்கு. பூமி அதை இழுக்கு. ஆனா அது பக்கவாட்டுல போற வேகத்துல, விழ விழ, பூமியோட வளைவும் கீழ எறங்கிக்கிட்டே போகுது. அதனால தரையத் தொடாது. ஒவ்வொரு உயரத்துக்கும் அதுக்குன்னு ஒரு வேகந்தான். கொறைஞ்சா கீழ வந்துரும். கூடுனா வட்டத்தை விட்டு வெளிய போயிரும். இந்த உயரத்துக்கு 7,458. இதுல எழுபத்தஞ்சு மீட்டரு கூடப் போட்டுருக்கு."

"ஏன் கூடிச்சு?"

"ஜி-ய பத்துன்னு எடுத்ததால. இழுப்பு அதிகம்னு நெனச்சா, விழாம இருக்க வேகமும் அதிகம் வேணும்னு கணக்குல வரும்."

"யார் எடுத்தாங்க?"

செண்பகவல்லி வாசலைப் பார்த்தாள். ராஜகனி வந்து சொல்லட்டும் என்று காத்திருந்தாள். ஆயிஷா பர்வீன் கோப்பிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, உங்கள் ஜோடி கொடுத்த வாக்குமூலம் என்று வாசித்தார். நான் டியூஷன் களைப்பில் இருந்ததால் செண்பகவல்லியின் தாளை வாங்கிப் பார்த்து எழுதினேன். அவர் கணக்கு தப்பாது என்று நம்பினேன். பார்த்து எழுதியது என் தவறு, கணக்குப் போட்டது அவர்.

பார்த்து எழுதினால் வேலை போகும், அவ்வளவுதான். தப்பாகக் கணக்குப் போட்டு உயிர் போனால் பன்னிரண்டு வருடம். மில்லில் சேர்ந்த அன்று படித்துக் காட்டிய விதிகள் அவை. தென்றல் படித்து முடித்து, வேலைக்குப் போய், கல்யாணம் முடித்து, பிள்ளையும் பெற்றிருப்பாள் அதற்குள்.

"இது எப்ப குடுத்தா மேடம்?"

"வெள்ளிக்கிழமை மத்தியானம். ரெண்டு மணிக்கு."

மூன்று மணிக்கு அந்த முகத்தைத்தான் செண்பகவல்லி முந்தானையால் துடைத்துவிட்டாள். கோபம் வருவதற்கு முன்னால் அவமானம்தான் வந்தது. இப்படியும் ஒருத்தி ஏமாறுவாளா என்று தன் மேலேயே வந்தது. கைமாத்தைப் பற்றி வாயைத் திறக்காதே என்றது எதற்கு என்று இப்போது விளங்கியது. திறந்தாள். ஒன்று விடாமல் சொன்னாள். பல் வலி, பத்து மணி, இதற்கு முந்தைய பத்துத் தடவைகள், எல்லாம். தனக்கு மூன்று வருடம் கிடைக்கட்டும், பன்னிரண்டை ஏற்க மாட்டேன் என்றாள்.

ஆயிஷா பர்வீன் பொறுமையாகக் கேட்டார். பல் டாக்டரிடம் பதிவேடு எதுவும் கிடையாது, நீங்கள் எப்போது வந்தீர்கள் என்று அவருக்கு நினைவில்லை, மில்லின் வருகைப் பதிவில் நீங்கள் நாள் முழுக்க இருந்ததாக இருக்கிறது என்றார். வேறு ஏதாவது சாட்சி வேண்டும்.

"சாட்சி என் தாளுதான் மேடம். ஒம்பது வருசத் தாளையும் எடுத்துப் பாருங்க. ஒண்ணுல நான் பத்துன்னு எழுதியிருந்தா எனக்குப் பன்னெண்டு வருசமும் போடுங்க. நான் ஒம்பது புள்ளி எட்டைத் தவிர எழுத மாட்டேன். இந்த மில்லுல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க."

மேலே போன தாள்கள் எல்லாம் முத்திரையிட்டுச் சென்னையில் இருந்தன. இரண்டு நாள் அவளைக் காவலில் வைத்தார்கள், பிறகு அவை பெட்டி பெட்டியாக வந்து சேர்ந்தன. செண்பகவல்லியின் பெயரில் மட்டும் பதினெட்டாயிரத்துக்கு மேல். தான் இவ்வளவு எழுதியிருக்கிறோமா என்று அந்த நிலைமையிலும் அவளுக்கு ஒரு சின்ன சந்தோஷம் வந்தது. முதல் கட்டைப் பிரித்து, அதிகாரிக்குக் காட்டுவதற்காக விரலை நேராக இரண்டாவது வரியில் கொண்டுபோய் வைத்தாள்.

ஜி = 9.82.

அடுத்த தாளை எடுத்தாள். 9.83. அதற்கடுத்தது 9.81. வேறொரு கட்டை எடுத்தாள், வேறொரு பெட்டியைத் திறந்தாள். ஐந்து வருடத்துக்கு முந்தையது, ஏழு வருடத்துக்கு முந்தையது. ஏழுக்கு நடுவில் கோடு. நூல் பிடித்த சமக்குறிகள். ஆனால் தாளுக்குத் தாள் பூமி வேறு வேறு பலத்தில் இழுத்துக்கொண்டிருந்தது. ஒன்பது புள்ளி எட்டு எங்கேயும் இல்லை. விடைகளைப் பார்த்தாள். எல்லாமே அவள் முறையில் வருவதைவிட ஏழெட்டு மீட்டர் கூடுதலாக இருந்தன.

ஒரு டீச்சருக்கு இதைப் பார்த்தால் தெரியாதா? புத்தகத்தின் பின்பக்கத்தில் விடையைப் பார்த்துவிட்டு, அந்த விடை வருகிற மாதிரி நடுவில் எண்ணை இழுத்துவிடும் பிள்ளைகளின் தாள் இப்படித்தான் இருக்கும். விடைக்கு வழி கட்டுவது என்று ஆசிரியர் அறையில் சொல்வார்கள். யாரோ பதினெட்டாயிரம் தடவை அவள் பெயரில் விடைக்கு வழி கட்டியிருந்தார்கள்.

"மேடம், இது எதுவும் நான் எழுதினது இல்ல," என்றாள். தன் குரலே யாருடையதோபோல் இருந்தது.

அதிகாரி கையெழுத்து பார்க்கும் கருவியை வரவழைத்தார். கணக்குப் போட இயந்திரத்துக்குத் தகுதி கிடையாது, ஆனால் கையெழுத்து பார்க்க உண்டு, சட்டம் அப்படி. செண்பகவல்லியை ஒரு கணக்கு எழுதச் சொன்னார்கள், ராஜகனியைக் கூட்டி வந்து செண்பகவல்லியின் எழுத்தில் ஒரு கணக்கு எழுதச் சொன்னார்கள். ராஜகனி முதலில் கோணல்மாணலாக எழுதிப் பார்த்தாள். இருபது வரி எழுதச் சொன்னபோது பன்னிரண்டாவது வரியிலிருந்து கை தன் வழக்கத்துக்குத் திரும்பிவிட்டது. பெட்டிகளில் இருந்த தாள்கள் எல்லாம் ராஜகனியின் கை என்றது கருவி. செண்பகவல்லி எழுதியதாக மில்லில் மிஞ்சியவை மொத்தம் நூற்று அறுபத்திரண்டு. மில்லில் சேர்ந்த முதல் மூன்று வாரம் பயிற்சிக்காகப் போட்ட, மேலே போகாத தாள்கள் அவை.

இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்தார்கள். ராஜகனி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். கணினியின் விடைகளை எங்கிருந்தோ வாங்கித் தந்தது தனுஷ்கோடி. இருபது மீட்டர் விலகலுக்குச் சட்டம் இடம் கொடுத்தாலும் வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு அது பிடிக்கவில்லை. விடை அச்சடித்தாற்போல் வர வேண்டும் என்று கேட்டார்கள். செண்பகவல்லியின் விடை என்றைக்கும் அந்த ஏழெட்டு மீட்டர் குறைவாகவே வரும், ஏனென்றால் நிஜமான பூமி பாடப் புத்தகத்துப் பூமியைப் போல அவ்வளவு சுத்தமான உருண்டை இல்லை. கொஞ்சம் இழுத்துப் போடச் சொன்னால் அவள் கேட்க மாட்டாள் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் அவளிடம் யாரும் கேட்கவே இல்லை. அவள் எழுதிய தாள்கள் சாயங்காலம் கிழிக்கும் இயந்திரத்துக்குப் போயின. இரண்டு தாளையும் ராஜகனி எழுதினாள். இவர்கள் ஜோடியின் விடை ஒருநாளும் மாறாததன் ரகசியம் இவ்வளவுதான். அந்த வியாழக்கிழமை கணினியின் விடை வந்து சேரவில்லை. ஏதோ கேபிள் அறுந்துவிட்டது. ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக ராஜகனி தானே ஒரு கணக்கைப் போட்டாள்.

செண்பகவல்லி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"தெனமும் மத்தியானம் எங்கூடத்தான உக்காந்து சாப்பிட்ட. இன்னைக்கு எத்தனை மேல போச்சுன்னு நான் கேக்கும்போது எப்பிடிட்டி சொன்ன?"

"நீ சந்தோசமா இருந்த. அதக் கெடுப்பானேன்னுதான்."

"எனக்காகவா?"

ஆயிஷா பர்வீன் தொண்டையைச் செருமிக்கொண்டு நடைமுறைக்கு வந்தார். இந்தத் தாள்களில் எதுவும் தன் கையால் எழுதப்பட்டதல்ல என்று செண்பகவல்லி எழுதிக் கொடுத்தால் வழக்கிலிருந்து அவள் விடுவிக்கப்படுவாள். கைமாத்துக்கும் தண்டனை இல்லை. தன் தாள் மேலே போனதே இல்லை என்பவள் யாரிடம் எதைக் கடன் வாங்கியிருக்க முடியும்? பன்னிரண்டு வருடம் ராஜகனிக்கும், ஆஸ்பத்திரியிலிருந்து எழுந்து வந்த பிறகு தனுஷ்கோடிக்கும். தென்றல் வாசலில் காத்துக்கொண்டிருக்கிறாள், இதில் கையெழுத்துப் போட்டுவிட்டு நீங்கள் இப்போதே வீட்டுக்குப் போகலாம் என்றார். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார்.

செண்பகவல்லி காகிதத்தை இரண்டு தடவை படித்தாள். எதுவும் என் கையால் எழுதப்பட்டதல்ல. பேனாவை எடுத்துக் கையெழுத்திட்டாள். அதிகாரி காகிதத்தைக் கருவிக்குள் செருகினார். சிவப்பு விளக்கு எரிந்தது. இன்னொரு தடவை போடச் சொன்னார். மறுபடியும் சிவப்பு. கருவியை இயக்கிய இளைஞர் சங்கடத்தோடு விளக்கினார். கருவி ஒப்பிட்டுப் பார்க்கும் அரசுப் பதிவேடு வருடா வருடம் தாள்களிலிருந்து கையெழுத்தைப் புதுப்பித்துக்கொள்ளும். இப்போது பதிவேட்டில் இருக்கும் செண்பகவல்லியின் கையெழுத்து, செண்பகவல்லி போடும் கையெழுத்து இல்லை. மாற்ற வேண்டுமென்றால் டெல்லிக்கு எழுத வேண்டும், ஆறு மாதம் ஆகும். அதுவரை உள்ளேதான்.

ராஜகனிதான் மெல்லக் கையை நீட்டினாள்.

"குடுங்க மேடம். நான் போட்டுத் தாரேன்."

ஆயிஷா பர்வீன் அவளையும் கருவியையும் மாறி மாறிப் பார்த்தார். சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். பதிவேட்டுக் கையெழுத்து இருக்க வேண்டும் என்றுதான் அதில் இருந்தது, யார் போட வேண்டும் என்று இல்லை. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு காகிதத்தைத் தள்ளினார்.

ராஜகனி எழுதினாள். கைக்கு யோசனையே தேவைப்படவில்லை. செ-யின் கொம்பு கொஞ்சம் சாய்ந்து, கடைசி லி-யின் சுழி மேலே ஏறி முடிந்தது. செண்பகவல்லி தன் பெயர் இவ்வளவு அழகாக இருந்து பார்த்ததில்லை. பச்சை விளக்கு எரிந்தது.

"போ செம்பகம்," என்றாள் ராஜகனி. அழுகையும் ஏதோ ஒரு நிம்மதியும் அவள் முகத்தில் கலந்திருந்தன. "உன்னைய வெளிய விட்டுட்டேன்லா. இனி எம்மேல கோவப்படாத."

செண்பகவல்லி எழுந்து நின்றாள். பல் பிடுங்கிய இடம் விண்விண் என்று தெறித்தது.

"நீ என்னைய உள்ள தள்ளியிருக்கலாம்ட்டி," என்றாள். "அந்தத் தப்புக் கணக்கு என்னோடதாவே இருந்திருக்கலாம். ஒரு கணக்காவது மேல போயிருக்கும்."

சொன்ன பிறகுதான் வன்ஜிருவும் தியாகோவும் நினைவுக்கு வந்தார்கள். வெட்கமாக இருந்தது. ஆனாலும் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை.